கீழ்ஒட்டிவாக்கம் சுபேதார் சுப்பிரமணியன்: ஆண்டு மலரில் அவருக்கு ஒரு பக்கம் வேண்டும்

ஊர்ப் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

ஆண்டு மலரில் "நம் வட்டாரத்துப் பெருமக்கள்" பகுதிக்குப் பெயர்கள் கேட்டிருந்தார் தலைவர் ஐயா. இதுவரை வந்தவற்றைப் படித்தேன். ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வைத்தியர்கள் இருக்கிறார்கள், நெசவாளர் சங்கத்துக்கு உழைத்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாரும் இருக்க வேண்டியவர்கள்தான். ஆனால் பட்டாளத்துக்காரர் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு வீடு யாராவது பட்டாளத்தில் இருந்த வட்டாரம் இது. அதனால் ஒரு பெயரை முன்வைக்கிறேன்.

சுபேதார் சுப்பிரமணியன். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் 11-ஆம் ஃபீல்டு பார்க் கம்பெனியில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் இறந்தார். ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம், பழைய பதக்கம் ஒன்றுக்கு மாற்றாக இல்லாமல், நேரடியாக அறிவிக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். இதை நம்மில் எத்தனை பேர் பள்ளியில் படித்தோம்? நான் படிக்கவில்லை.

சாப்பர் என்றால் என்ன வேலை என்று இளையவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாலம் போடுவது, சாலை போடுவது, தடைகளை வெடிவைத்துத் தகர்ப்பது, எதிரி புதைத்துவிட்டுப் போன கண்ணிவெடிகளைத் தேடி எடுப்பது. காலாட்படை முன்னேற வேண்டுமானால் அதற்கு முன் இவர்கள் போயிருக்க வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் 1780-இல் மதராஸ் பயனியர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய படை. பிறகு பெங்களூருக்குப் போய் அங்கேயே நிலைத்தது. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் எல்லாம் எடுத்துக்கொண்ட "பெங்களூர் டார்பிடோ" 1912-இல் இந்தப் படையில்தான் உருவானது. இந்திய ராணுவத்தில் இன்றும் இவர்களுக்கு "தம்பி" என்றுதான் பெயர்.

இத்தாலிக்கு இவர் போனது 4-ஆம் இந்திய டிவிஷனோடு. 1944 தொடக்கத்தில் ரோமுக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு மோன்டே கஸீனோ மலையை ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்தார்கள். பிப்ரவரி 15 அன்று அந்த மலைமேல் இருந்த பழைய மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு நொறுக்கின. அதையொட்டி 4-ஆம் டிவிஷன் நடத்திய தாக்குதலில் பெரிய உயிர்ச்சேதம். கஸீனோவுக்குத் தெற்கே ரோம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் மிக்னானோ. சண்டை அந்த இடத்தைக் கடந்து வடக்கே போய்விட்டது, ஆனால் பின்வாங்கிய ஜெர்மானியர் புதைத்த வெடிகள் மண்ணுக்குள் அப்படியே இருந்தன. அந்த மண்ணில்தான் சுப்பிரமணியனுக்கு வேலை.

ஜெர்மானியரின் எஸ்-மைன் வெடியைப் பற்றிச் சொல்லாமல் அவர் செய்தது புரியாது. சாதாரணக் கண்ணிவெடி மிதித்த உடனே வெடிக்கும், மிதித்தவரைத்தான் முதலில் தாக்கும். இது வேறு. மிதித்ததும் உள்ளே ஒரு திரி பற்றும். ஏறக்குறைய நான்கு விநாடி கழித்து வெடி மண்ணைக் கிழித்துக்கொண்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பி, அங்கே வெடிக்கும். உள்ளே இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் இரும்புக் குண்டுகள் நாலாபக்கமும் பாயும். ஒருவர் மிதித்தால் சுற்றி நிற்பவர்கள் அத்தனை பேரும் விழ வேண்டும் என்று யோசித்துச் செய்த ஆயுதம்.

சாப்பர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. திரி பற்றும் சத்தம் கேட்டால் உடனே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். வெடி மேலே எழும்பித்தான் வெடிக்கும் என்பதால் படுத்திருப்பவர் பிழைக்க வழி உண்டு. நின்றுகொண்டிருப்பவருக்குத்தான் கதியில்லை.

அன்று கண்ணிவெடி தேடும் கருவியோடு பாதையைச் சோதித்துக்கொண்டு ஒரு சிறு குழு போனது. சுப்பிரமணியன் அதில் இருந்தார். குழுவில் ஒருவர் காலடியில் வெடி மாட்டிக்கொண்டது. என்ன நடக்கப்போகிறது, எவ்வளவு நேரத்தில் நடக்கும் என்பது சுப்பிரமணியனுக்குத் தெரியும். அவர் தரையில் படுக்கத்தான் செய்தார், அந்த வெடியின் மேல். முழு வெடிப்பையும் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அவர் உயிர் போனது. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அந்தச் சில விநாடிகளைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். நான்கு விநாடி என்பது ஒன்றும் யோசிக்காமல் பாய்ந்துவிடும் நேரம் இல்லை. என்ன வெடி என்று அடையாளம் காணவும், அருகில் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும், நாம் தப்பலாமே என்று நினைக்கவும் அதில் இடம் இருக்கிறது. அத்தனை இடம் இருந்தும் அவர் அந்தப் பக்கம் போனார். போர்க்களத்து வீரத்தில் ஆவேசத்துக்கு ஒரு பங்கு உண்டு, அதை நான் குறைத்துப் பேசவில்லை. இங்கே ஆவேசமே இல்லை. தொழில் தெரிந்த மனிதர் ஒருவர், தெரிந்தே செய்தார்.

1944 ஜூன் கடைசியில் லண்டன் அரசிதழில் அறிவிப்பு வந்தது. ஏன் விக்டோரியா கிராஸ் கொடுக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். அது எதிரிக்கு நேருக்கு நேர் நின்று காட்டும் வீரத்துக்கு. எதிரி எதிரில் இல்லாத இடத்தில் அதே அளவு துணிவு காட்டியவர்களுக்காக 1940 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது ஜார்ஜ் கிராஸ். வெள்ளிச் சிலுவை, கருநீல நாடா. அணியும் வரிசையில் இரண்டாவதாக வந்தாலும் மதிப்பில் விக்டோரியா கிராஸுக்கு ஈடானது. விதிப்படி சரிதான். ஆனாலும் என் மனம் முழுதாக ஒப்பவில்லை. வெடியைப் புதைத்தவன் நகர்ந்து போயிருக்கலாம், அவன் கொலை எண்ணம் மண்ணுக்குள் காத்துக்கொண்டுதானே இருந்தது?

சரி, இவ்வளவு பெரிய பதக்கம் வாங்கியவரை நாம் எப்படி மறந்தோம்? எனக்குத் தோன்றும் காரணம் இது. மூன்றரை ஆண்டுகளில் நாடு விடுதலை பெற்றது. 1950 ஜனவரி 26 அன்று பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா எல்லாம் ஏற்படுத்தப்பட்டன. 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கே அவை பொருந்தும். அதற்கு முந்தைய வீரர்கள் பிரிட்டிஷ் கணக்கில் நின்றுபோனார்கள். 2020-இல் கல்வானில் உயிர்விட்ட ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியை நாடே அறியும், வீர் சக்ரா கொடுத்தார்கள். கார்கிலில் விழுந்த மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் இருக்கிறது. இரண்டும் மிகச் சரி. அந்த மரியாதை சுப்பிரமணியனுக்கு வராமல் போனது காலத்தின் கோளாறு.

"வெள்ளைக்காரனுக்காகச் செத்தவர்தானே" என்று ஒரு பேச்சு வரும், எனக்குத் தெரியும். நம் வட்டாரத்திலேயே சிறை சென்ற தியாகிகள் இருக்கிறார்கள், மலேயாவில் நேதாஜி படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். அவர்கள் பெருமையில் ஒரு துளியும் குறைக்க வேண்டாம். ஆனால் எந்தக் கொடியின் கீழ் நின்றார் என்பதற்கும், அந்த வெடியின் மேல் யாருக்காக விழுந்தார் என்பதற்கும் இடையில் நிறையத் தூரம் இருக்கிறது. பக்கத்தில் நின்ற ஆட்களுக்காக விழுந்தார். இதற்கு மேல் எனக்கு வாதம் இல்லை.

லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹைட் பார்க் கார்னருக்குப் பக்கத்தில், கான்ஸ்டிட்யூஷன் ஹில் சாலையில் 2002-இல் திறந்த நினைவு வாயில்கள் இருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, கரீபியன் நாடுகளிலிருந்து வந்து போரிட்டவர்களுக்கானவை. அங்கே இருக்கும் சிறு மண்டபத்தின் உட்கூரையில் விக்டோரியா கிராஸ், ஜார்ஜ் கிராஸ் பெற்றவர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், சுப்பிரமணியன் பெயரைக் காட்டிப் படம் எடுத்து அனுப்புங்கள். மலருக்கு வேண்டும்.

அப்புறம், இவரோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். உங்கள் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ பட்டாளத்தில் இருந்தால் தேடிப் பாருங்கள். போரில் இறந்தவர்களாக இருந்தால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் தேடலாம், இலவசம்தான். பலருக்கு அப்பா பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் போட்டிருக்கும். முன்னெழுத்து இல்லாமல் ஒற்றைப் பெயராகவே பெரும்பாலும் இருக்கும். மாவட்டம் "செங்கல்பட்டு" என்பதற்கு ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டில் (Chingleput) தேட வேண்டும். ஊர்ப் பெயரையும் இரண்டு மூன்று விதமாக எழுதிப் பாருங்கள். பர்மா போரில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் ரங்கூன் நினைவுச் சின்னத்தில் இருப்பார்கள், மலேயா, சிங்கப்பூரில் இறந்தவர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சியில் இருக்கும் நினைவுச் சின்னத்தில்.

உயிரோடு திரும்பியவர்களுக்கு வீட்டில் இருக்கும் காகிதங்கள்தான் ஆதாரம். டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் புத்தகம், சீருடையில் எடுத்த படம், எது இருந்தாலும் படம் எடுத்து அனுப்புங்கள். பதக்கம் இருந்தால் முன்பக்கம், பின்பக்கம் மட்டும் போதாது, விளிம்பையும் எடுங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கமாக இருந்தால் படை எண், பெயர், படைப்பிரிவு மூன்றையும் அங்கேதான் பொறித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், எழுத்து மங்கிவிடும்.