ஏரிக்கரைக்கு வேலி, கேட், டிக்கெட்: தடுக்க என்ன வழி?

கரைநடை:
காட்பாடி பக்கம், மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற ஒரு ஏரியைப் பற்றிய கேள்வி. காலை, சாயந்தரம் கரைமேல் நடக்கிறவர்கள், மாடு கழுவுகிறவர்கள், ஆடியில் கங்கையம்மனுக்குக் கரகம் ஜோடிக்க வருகிறவர்கள், கருமாதிக்கு வருகிறவர்கள் என்று நாலு பக்கமும் ஜனங்கள் இறங்குகிற கரை. வேலூருக்குக் கடல் கிடையாது. பாலாறு வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு காசில்லாமல் உட்கார ஏழை ஜனங்களுக்கு இருக்கிற இடம் இது ஒன்றுதான்.

இப்போது 'அழகுபடுத்தும் பணி' என்று ஒரு முனையில் கம்பி வேலிக்குக் குழி தோண்டுகிறார்கள். ஒரே ஒரு கேட், படகு விட ஒரு குத்தகை, உள்ளே போக டிக்கெட் என்று பேச்சு. வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. விளக்கு வரட்டும், குப்பை போகட்டும். ஆனால் கரை எல்லாருக்கும், எல்லா வழியிலும், இலவசமாகத் திறந்திருக்க வேண்டும். கடற்கரைக்கு இருக்கிற சி.ஆர்.இசட். (கடற்கரை ஒழுங்குமுறை மண்டல) விதியைக் காட்டச் சொல்கிறார் ஒருவர். ஈரநில விதியைக் காட்டச் சொல்கிறார் இன்னொருவர். எதை எழுதுவது, யாருக்கு எழுதுவது?

புலஎண்:
அந்த இரண்டையும் மனுவில் சேர்க்காதீர்கள். சி.ஆர்.இசட். அறிவிக்கை, 2011 ஆனாலும் 2019 ஆனாலும், கடலுக்கும் ஓதம் ஏறி இறங்கும் கழிமுகங்களுக்கும்தான். உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் என்று அளப்பார்கள். வேலூரில் அளக்க அந்தக் கோடே இல்லை. 2017 ஈரநில விதிகளோ, பாசனத்துக்கும் குடிநீருக்கும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை விளக்கப் பிரிவிலேயே விலக்கிவிட்டன. நம் பக்கத்து ஏரிகள் பாசனத்துக்கு வெட்டியவை. மனுவின் முதல் பத்தியில் பொருந்தாத சட்டம் இருந்தால் 'பொருந்தாது' என்று ஒரு வரி பதில் வரும், கோப்பு அதோடு மூடப்படும். நல்ல வாதம் எல்லாம் கீழே படிக்கப்படாமல் கிடக்கும்.

முதல் வேலை, நிலம் யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்பது. ஏரி என்பது ஒரே சர்வே எண்ணாக இருக்காது. நீர்ப்பிடிப்புக்கு ஒன்று, கரைக்கு ஒன்று, கலங்கலிலிருந்து (நிரம்பிய ஏரியின் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) போகும் கால்வாய்க்கு ஒன்று, வரத்துக்கால், வண்டிப்பாதை என்று தனித்தனியாகவும் இருக்கலாம். கிராமக் கணக்கில் இருந்தால் அ-பதிவேடும் (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகை, பரப்பு எழுதிய கணக்கு) புலப்படமும் (அந்த நிலத்தின் அளவு வரைபடம்) வேண்டும். நகர நில அளவை முடிந்த பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேடு. வேலிக்குக் குழி தோண்டுகிற இடம் எந்த எண்ணில் விழுகிறது என்று புலப்படத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'ஏரி புறம்போக்கு' என்றால் ஒரு வழி, 'வண்டிப்பாதை' என்றால் இன்னும் வலுவான வழி. நடுவில் யாருடைய பட்டாவாவது இருந்தால் கதையே வேறு.

இதில் பலர் விடுகிற இடம் ஒன்று இருக்கிறது. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) பணிக்குப் பிந்தைய பதிவேட்டை மட்டும் வாங்கிப் பார்த்தால் போதாது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டு நகலும் வேண்டும். பழையது ஏக்கர் சென்ட், புதியது ஹெக்டேர் ஏர். 1 ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். மாற்றிப் போட்டு ஒப்பிடுங்கள். கரையோரம் பரப்பு குறைந்திருந்தால் அங்கே உட்பிரிவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் வண்ணான் துறை, சுடுகாட்டுப் பாதை, களம் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது தங்கம். ஜனங்கள் அந்தக் கரையைப் பயன்படுத்தியதற்கு அரசே எழுதி வைத்த சாட்சி அது. பழைய ஆவணம் கேட்கும்போது வட ஆற்காடு மாவட்டம் என்ற பெயரையும் பழைய தாலுகாவையும் சேர்த்து எழுதுங்கள். 1989-ல் ஒரு முறை, 2019-ல் ஒரு முறை மாவட்டம் பிரிந்திருக்கிறது, பதிவறையில் அந்தப் பெயரில்தான் தேடுவார்கள்.

ஆர்.டி.ஐ. (தகவல் உரிமைச் சட்ட) மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். 'ஏன் வேலி போடுகிறீர்கள்' என்று கேட்காதீர்கள், ஏன் என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மன்றத் தீர்மானத்தின் நகல், மதிப்பீட்டின் நகல், வரைபடம், நீர்வளத்துறை கொடுத்த தடையின்மைச் சான்று. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ஏரி நீர்வளத்துறையுடையது, வேலை செய்வது மாநகராட்சி என்றால் அந்தச் சான்று இருக்கிறதா, அதில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கும்.

மதகடி:
சட்டத்தை மற்றவர்கள் சொல்லட்டும். இந்த வேலியும் பேவர் பிளாக்கும் கரைக்கே கெடுதல் என்பதைப் பொறியாளரின் பாஷையில் எழுதினால் நீர்வளத்துறை உங்கள் பக்கம் வரும். மேல்பாலாறு வடிநிலக் கோட்டச் செயற்பொறியாளருக்கு ஒரு நகல் போடுங்கள்.

கரை என்பது அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிய மண். அதன் தலையில் இரண்டரை மீட்டருக்கு ஒரு குழி தோண்டி கான்கிரீட் போட்டால், கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒட்டு இருக்காது. கோடையில் மண் சுருங்கி இடுக்கு விழும். ஐப்பசி மழையில் அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். பேவர் பிளாக் பதித்தால் நண்டு வளையும் எலி வளையும் கண்ணுக்குத் தெரியாது. அடியில் மண் அரித்துப் போய், கல் மட்டும் மேலே நிற்கும். கரையின் வெளியடியில் கசிவு தெரிகிறபோது நேரம் கடந்திருக்கும். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் மாதிரி ஒரு மழை வந்தால் மணல் மூட்டையோடு கரைமேல் ஓடுவதற்கு வழி வேண்டும். ஒரே கேட், அதற்குப் பூட்டு என்றால் எப்படி ஓடுவது? மதகடிக்கும் கலங்கலுக்கும் ராத்திரியில் போய்ப் பார்க்க, மதகைத் திறந்து மூடும் லஸ்கருக்கும் தடை.

அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள். கரைத் தலையில் 15 செ.மீ. கிராவல் போட்டு ரோலர் ஓட்டி, தண்ணீர்ப் பக்கமாக 40-க்கு 1 சாய்வு. வெளிப்பக்கம் சாய்த்தால் மழைநீர் வெளிச்சரிவை வாய்க்கால் மாதிரி அறுத்துவிடும். உள்சரிவில் கல் பதிப்பு இருப்பதால் அது தாங்கும். கார், டிராக்டர் ஏறாமல் இருக்க, கரையில் ஏறும் ஒவ்வொரு வழியிலும் நடுகல்; இரண்டு கல்லுக்கு நடுவில் 1.2 மீட்டர் இடைவெளி. சக்கர நாற்காலி போகும், மாடு போகும், கார் போகாது. பைக் போகும்தான், அதற்குக் காவல் வேண்டும், கல் உதவாது. ஒரு கல் மட்டும் கழற்றி மாட்டுகிற இரும்புக் குழாயாக இருக்கட்டும், சாவி லஸ்கரிடம். விளக்குக் கம்பத்தைக் கரைத் தலையில் நடாமல் வெளியடிக்கு அப்பால் நடச் சொல்லுங்கள். நடைபாதைக்கு வெளிச்சம் அங்கிருந்தே கிடைக்கும்.

வேலிக்கு அவர்கள் சொல்லும் காரணம் குழந்தைகள் முழுகிவிடுவார்கள் என்பதாக இருக்கும். அந்தக் கவலை நியாயமானது, அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ஆனால் ஏரியில் உயிர் போவது பெரும்பாலும் வண்டல் அள்ளிய பள்ளத்தில். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போகிற பையன் திடீரென்று இரண்டு ஆள் ஆழத்தில் விழுகிறான். மேலே வேலி போட்டால் அந்தப் பள்ளம் மூடாது. தண்ணீர் வற்றியிருக்கும்போது பள்ளங்களின் ஓரத்தை ஜே.சி.பி. வைத்துச் சரிவாக்க வேண்டும், ஜனங்கள் இறங்குகிற துறைக்கு எதிரே வண்டல் எடுக்கத் தடை வேண்டும், துறைக்குத் துறை 30 மீட்டர் கயிறு கட்டிய மிதவை வளையமும் ஆழம் எழுதிய கல்லும் வேண்டும். மதிப்பீட்டில் வேலிக்குப் போட்ட பணத்தில் இதையெல்லாம் செய்ய முடியும் என்று எழுதிக் கொடுங்கள்.

கரைநடை:
மிக்க நன்றி சார். இன்னும் ஒன்று. மீன்பாசி குத்தகை எடுத்தவரும் ஒரு பக்கம் முள்கம்பி கட்டியிருக்கிறார். 'ஏரி மூன்று வருஷத்துக்கு என்னுது' என்கிறார். கோர்ட்டுக்குப் போவதென்றால் எந்த கோர்ட்டு?

வழக்குக்கட்டு:
குத்தகைக்காரருக்குக் கிடைத்தது மீன் பிடிக்கும் உரிமை. கரை அவருக்கு வரவில்லை. குத்தகை உத்தரவின் நகலை ஆர்.டி.ஐ.-யில் வாங்கி நிபந்தனைகளைப் படியுங்கள். அவர் மேல் உடனே எடுக்கக்கூடிய வழி, வருவாய் கோட்டாட்சியரிடம் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 152-வது பிரிவில் மனு. பழைய சி.ஆர்.பி.சி. 133 தான் அது. பொது இடத்திலோ, ஜனங்கள் சட்டப்படி பயன்படுத்தும் பாதை, ஆறு, கால்வாயிலோ உள்ள தடையை அகற்ற நிபந்தனை உத்தரவு போடலாம். அதன் விளக்கக் குறிப்பில், அரசுச் சொத்தும், சுகாதாரத்துக்கோ பொழுதுபோக்குக்கோ காலியாக விடப்பட்ட இடமும் பொது இடத்தில் சேரும் என்று இருக்கிறது. மனுவில் அந்த வரியை அப்படியே எழுதுங்கள். முள்கம்பியின் படம், தேதி, சர்வே எண், பக்கத்துத் தெருக்காரர்கள் இரண்டு மூன்று பேர் கையெழுத்து போதும்.

2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித்துறை கையில் இருந்த ஏரிகளுக்கு, அதாவது இன்றைய நீர்வளத்துறை ஏரிகளுக்கு மட்டும். ஆயக்கட்டு (ஏரித் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்குக் குறைவான ஊராட்சி ஒன்றிய ஏரி என்றால் 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் வட்டாட்சியரிடம் போக வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதித்தான் நிறைய மனுக்கள் மேசைக்கு மேசை அலைகின்றன.

மாநகராட்சிக்கு எதிராக என்றால், சிவில் நடைமுறைச் சட்டம் 91-வது பிரிவில் இரண்டு பேர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, பொதுத் தொல்லை வழக்குப் போடலாம். தனக்குத் தனியாக நஷ்டம் என்று காட்ட வேண்டியதில்லை. அரசையும் சேர்த்தால் 80-வது பிரிவில் இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டும், அவசரம் என்றால் விலக்குக் கேட்கலாம். பசுமைத் தீர்ப்பாயத்தை நினைத்தால் 6 மாதக் கெடு இருக்கிறது. டிக்கெட் விஷயம் மட்டும் அங்கே நிற்காது, நீர்ப்பிடிப்புக்குள் கட்டடம் கட்டினால் நிற்கும்.

உயர்நீதிமன்ற ரிட் மனுவுக்கு இரண்டு தீர்ப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். ஜக்பால் சிங் வழக்கு, 2011: ஊர்ப் பொது நிலம் ஊருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்டலெக்சுவல்ஸ் ஃபோரம் வழக்கு, 2006: நமக்குப் பக்கத்துத் திருப்பதியின் ஏரிகளைப் பற்றியது, ஏரிகளை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது என்றது. ஆனால் அதிலேயே, பேரூர் ஏரியில் ஏற்கெனவே எழுந்த வீடுகளை நீதிமன்றம் இடிக்கச் சொல்லவில்லை; இனிமேல் கட்டாதே, இருக்கிற வீட்டில் மழைநீர் சேகரி என்றுதான் உத்தரவு. அதனால் குழி தோண்டுகிற நிலையிலேயே போய் நில்லுங்கள். கேட் மாட்டி, டிக்கெட் கவுன்டர் கட்டி, படகு வாங்கிய பிறகு போனால் 'இவ்வளவு செலவாகிவிட்டது' என்பதே எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும்.

வார்டுக்குரல்:
கோர்ட்டுக்கு முன்னால் தீர்மானமும் டெண்டரும் இருக்கின்றன, அதை விட்டுவிடாதீர்கள். டிக்கெட் வாங்குவதென்றால் மன்றத்தில் தீர்மானம் வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பகுதி சபையிலும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏரி ஊராட்சி எல்லையில் இருக்கிறவர்களுக்குக் கிராம சபை. மார்ச் 22 தண்ணீர் தினச் சபை இதற்கென்றே வைத்த மாதிரி.

படகுக் குத்தகை டெண்டர் அறிவிப்பு தமிழ்நாடு டெண்டர் இணையதளத்தில் வருகிறதா என்று வாரா வாரம் பாருங்கள். வந்தால் ஒப்பந்தப் புள்ளி திறக்கும் தேதிக்கு முன் ஆட்சேபனை போய்ச் சேர வேண்டும், பதிவுத் தபாலில், ஆணையருக்கும் ஆட்சியருக்கும். 'இலவசமாக விடுங்கள்' என்று மட்டும் எழுதினால் நடைபாதை இலவசம், பார்க்கிங்குக்குக் காசு, மாலை ஆறுக்குப் பூட்டு என்று சுற்றி வளைத்து வருவார்கள். நிபந்தனையை நீங்களே எழுதிக் கொடுங்கள். இந்த வாசகம் போதும்:

'குத்தகை படகுச் சவாரிக்கு மட்டுமே. கரை, துறைகள், அவற்றுக்குச் செல்லும் அனைத்து வழிகளும் குத்தகையில் சேராது. அவற்றில் நுழையவோ, நடக்கவோ, அமரவோ, கால்நடைகளை இறக்கவோ, வழக்கமான சடங்குகள் செய்யவோ எந்த நேரத்திலும் கட்டணமோ அனுமதிச் சீட்டோ கேட்கக் கூடாது. வாகன நிறுத்தக் கட்டணம் வசூலித்தாலும் நடந்து வருபவருக்கும் சைக்கிளில் வருபவருக்கும் அது பொருந்தாது. மீறினால் குத்தகை ரத்து, முன்பணம் பறிமுதல்.'

'சடங்குகள்' என்ற வார்த்தையை எடுத்துவிடச் சொல்வார்கள், விடாதீர்கள். கரகம் ஜோடிக்கிற படங்கள், பழைய திருவிழா நோட்டீஸ்கள், கோயில் கணக்கில் ஏரிக்கரைச் செலவு என்று எழுதிய பக்கம் ஏதாவது இருந்தால் இப்போதே ஸ்கேன் செய்து, எந்த வருஷம், ஏரியின் எந்த இறங்குதுறை என்று குறித்து மனுவோடு இணைத்துவிடுங்கள்.