தூதரக வாசலில் பெயர்ப்பலகை வைத்தால் ஏவியவன் மாட்டுவானா?

ஆற்றங்கரையான்:
2015 பிப்ரவரி 27 இரவு, கிரெம்ளின் மதிலை ஒட்டிய பாலத்தில் போரிஸ் நெம்ட்சோவைச் சுட்டுக் கொன்றார்கள். முன்னாள் துணைப் பிரதமர், புதினைக் கடுமையாக எதிர்த்தவர். இரண்டே வாரத்தில் ஐரோப்பிய நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. 2018இல் வாஷிங்டன் நகர மன்றம் ரஷ்யத் தூதரகத்தின் முன்னால் இருக்கும் சாலைப் பகுதிக்கு அவர் பெயரை வைத்தது. சரி, ஏவியவன் மாட்டினானா? பக்கத்து ஊர்க் கொலைக்கு நம்மூர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொன்ன கதைதான் இது.

கறுப்புக்கோட்டு:
அண்ணே, தீர்மானத்தையும் சட்டத்தையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். 2017இல் மாஸ்கோவில் ஐந்து செச்சென்யக்காரர்களுக்கு (செச்சென்யா ரஷ்யாவுக்குள்ளேயே இருக்கும் ஒரு குடியரசு) 11 முதல் 20 ஆண்டுவரை சிறை கிடைத்தது. சுட்டவராகத் தண்டிக்கப்பட்ட சவுர் தாதாயெவ், செச்சென்யாவின் 'சேவெர்' என்ற பாதுகாப்புப் படைப் பட்டாலியனில் துணைத் தளபதியாக இருந்தவர். ஏற்பாடு செய்தவர் என்று புலனாய்வு யாரைக் காட்டியது? ருஸ்லான் கெரெமெயெவ் என்ற அதிகாரியின் கார் டிரைவரை! சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிற ஆள் ஒன்றரைக் கோடி ரூபிள் பேசிக் கூலிப்படை பிடித்தாராம். அதிகாரிமேல் வழக்கே இல்லை. 2019 மே மாதம் அந்த அதிகாரியின் பெயரை அமெரிக்கா தடைப்பட்டியலில் ஏற்றியது. எதை வைத்து? 2012இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய மாக்னிட்ஸ்கி சட்டத்தை வைத்து; மனித உரிமையை மீறிய ரஷ்யர்களின் சொத்தை முடக்கி விசாவை மறுக்கிற சட்டம் அது. அந்தச் சட்டம் வேண்டும் என்று வாதாடியவர்களில் நெம்ட்சோவும் ஒருவர்.

ஆற்றங்கரையான்:
வக்கீல் சார், பட்டியலில் பெயர் ஏறியதால் அவர் கையில் விலங்கு விழுந்ததா? இன்னொன்றையும் கேளுங்கள். 2019 ஜூனில் ஐரோப்பிய கவுன்சிலின் (ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, மனித உரிமைக்கான தனி அமைப்பு) நாடாளுமன்றப் பேரவை, லித்துவேனிய எம்.பி. சிங்கெரிஸ் இந்தக் கொலை வழக்குபற்றித் தயாரித்த அறிக்கையை ஏற்று, புலனாய்வை மறுபடி தொடங்கு என்று ரஷ்யாவிடம் சொன்னது. அதே வாரத்தில்தான் ரஷ்ய எம்.பி.க்கள் குழுவைப் பேரவைக்குள் திரும்பச் சேர்த்து வாக்குரிமையும் கொடுத்தது. முன்வாசலில் ஒப்பாரி, பின்வாசலில் விருந்து!

கறுப்புக்கோட்டு:
அந்த வாரம் வெட்கக்கேடுதான், மறுக்கவில்லை. ஆனாலும் அறிக்கை வேண்டாம் என்று ஆகிவிடாது. கொலையைக் காட்டியதாக டிவியில் வந்த வீடியோவில், சரியாகச் சுடும் நொடியில் பனி அள்ளும் வண்டி ஒன்று குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. இப்படி ஓட்டை விழுந்த வழக்கை அந்த நாட்டு நீதிமன்றமே மூடிவிட்டால், கேள்விகளை வேறு யார் எழுதி வைப்பது?

செவ்வந்தி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் பெயர்ப்பலகையைச் சுலபமாகத் தாண்டிப் போய்விட்டீர்கள். கொலை நடந்த பாலத்தில் மக்கள் வைக்கும் பூக்களையும் படங்களையும் அடிக்கடி வாரிக் கொண்டுபோய் விடுகிறார்கள். தன்னார்வலர்கள் திரும்பத் திரும்ப வைக்கிறார்கள், இரவும் பகலும் காவல் இருக்கிறார்கள். சொந்த ஊரில் ஒரு பூங்கொத்துக்கே இடமில்லாதவருக்கு வில்னியஸ், கீவ், பிராக் நகரங்கள் ரஷ்யத் தூதரகத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தன. பிராகில் 2020இல் சதுக்கத்தின் பெயரை மாற்றியதும், தூதரகம் தன் முகவரியையே பக்கத்துத் தெருவுக்கு மாற்றிக்கொண்டது.

ஆற்றங்கரையான்:
அதைத்தானம்மா நானும் சொல்கிறேன். கதவை மாற்றினார்கள், கதை முடிந்தது.

செவ்வந்தி:
உறைக்கவில்லை என்றால் அண்ணே, கடித உறையில் அந்தப் பெயர் இருந்தால் அவர்களுக்கு என்ன?

ஆற்றங்கரையான்:
உறைத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். கெரெமெயெவ்மேல் வழக்கு போட்ட அன்றைக்கு வந்து சொல்லுங்கள், மீதியையும் ஒப்புக்கொள்கிறேன்.