மாலா சியாங் குவோ: கசக்கிறது, தண்ணீர் விடுகிறது, நாக்கும் மரக்கவில்லை. உதவுங்கள்

தாமரைத்தண்டு:
வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே சாப்பாட்டு அங்காடிகளில் கிடைக்கும் மாலா சியாங் குவோ (காய், இறைச்சியை நாக்கை மரக்கவைக்கும் கார மசாலாவில் குழம்பில்லாமல் வதக்கும் சீன உணவு) எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர். அடிக்கடி வாங்கிக் கட்டுப்படியாகாது என்று வீட்டிலேயே செய்து பார்க்கிறேன். மூன்று முறை செய்தாயிற்று, மூன்றும் கெட்டுப்போனது.

நான் செய்தது: 4 மேசைக்கரண்டி எண்ணெயைப் புகை வரக் காயவைத்து, சிச்சுவான் மிளகு ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 15, இஞ்சி, பூண்டு. அதன்மேல் டோபான்ஜியாங் (அவரை விதையும் மிளகாயும் புளிக்கவைத்த விழுது) 3 மேசைக்கரண்டி, கொஞ்சம் உப்பு. பிறகு வேகவைத்த தாமரைக்கிழங்கு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மரக்காளான், மீன் உருண்டை, கோழி என ஒரு கிலோவுக்கு மேல். அடியில் குழம்பு போலத் தண்ணீர் நிற்கிறது. கசப்பு, உப்பு, மண்டைக்கேறும் காரம். ஆனால் உதடும் நாக்கும் மரத்துப்போகிற அந்த உணர்வு மட்டும் இல்லை. எங்கே தவறுகிறேன்?

இரும்புச்சட்டி:
கசப்புக்குக் காரணம் தாளிக்கிற பழக்கம். கடுகு வெடிக்க எண்ணெய் காய வேண்டும், அதே கையோடு இதையும் போட்டுவிட்டீர்கள். சிச்சுவான் மிளகு நம் மிளகு இல்லை. எலுமிச்சைக் குடும்பத்துச் செடி ஒன்றின் காய்த்தோல்தான் அது, சில வினாடிகளில் கருகிவிடும். மிளகையும் மிளகாயையும் வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்து, காயாத எண்ணெயில் போட்டு, சின்னத் தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். மிளகாய் கருஞ்சிவப்பாகி மணம் எழும்போது பாதியை அள்ளித் தனியே வையுங்கள், கடைசியில் மேலே தூவலாம்.

தண்ணீர் விடுவதற்குக் காரணம் அளவு. வீட்டு அடுப்பு ஒரு கிலோவைத் தாங்காது. 500, 600 கிராம் போதும். காயைத் தனித்தனியாகக் கொதிநீரில் போட்டு எடுத்து, துணியில் பரப்பி ஈரம் போக விடுங்கள். தாமரைக்கிழங்குக்கு 2 நிமிடம். முட்டைக்கோஸுக்கு அரை நிமிடம்கூட வேண்டாம்.

செங்டூவாசி:
சீனாவில் சிச்சுவான் மாகாணத் தலைநகர் செங்டூவில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். டோபான்ஜியாங் பற்றி மட்டும் சொல்கிறேன், இந்த உணவுக்கு உயிரே அதுதான். அந்நகரத்தின் ஓரத்தில் உள்ள பிசியன் பகுதியில் பெரிய அவரை விதையையும் மிளகாயையும் உப்புப் போட்டுச் சாடிகளில் மாதக்கணக்கில் புளிக்க வைப்பார்கள். வெயிலில் திறந்து கிளறுவார்கள், மழை வந்தால் மூடுவார்கள். உப்பு முழுவதும் அதிலேயே இருக்கிறது. 600 கிராமுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி போதும், தனியாக உப்பு வேண்டாம், அரைத் தேக்கரண்டி சர்க்கரை சேருங்கள். முக்கியமாக, எண்ணெய் செக்கச்செவேல் என்று ஆகும்வரை சின்னத் தீயில் 2, 3 நிமிடம் வதக்க வேண்டும். அவசரப்பட்டால் பச்சை வாடை போகாது.

அப்புறம் மிளகாய். அங்கே போடுவது காரத்தைவிட மணமும் நிறமும் தருகிற வகைகள். நம் சம்பா மிளகாயை அதே எண்ணிக்கையில் போட்டால் நாக்கு எரியும், மரப்பு தெரியாது. காஷ்மீரி மிளகாய் பாதி கலந்து பாருங்கள்.

தாமரைத்தண்டு:
இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று 600 கிராம் செய்தேன். கசப்பு இல்லை, தண்ணீரும் விடவில்லை, எண்ணெய் அழகாகச் சிவந்தது. மரப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

கிண்ணிக்கோழி:
அக்கா, சிச்சுவான் மிளகின் ஒரு தோலை முன்பல்லால் கடித்து, நாக்கு நுனியில் அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். சுரசுரவென்று அதிராவிட்டால் சரக்கு பழையது, எத்தனை போட்டாலும் பயனில்லை. சான்ஷூல் என்ற பொருள்தான் மரக்க வைக்கிறது, நாள்பட்டால் அது போய்விடும். 2013-இல் லண்டனில் ஓர் ஆய்வில் இந்த மிளகை உதட்டில் தடவிப் பார்த்தார்கள், வினாடிக்கு 50 முறை அதிர்வது போன்ற உணர்வு என்று தெரிந்தது. கறுப்பு விதைகள் நிறைய இருந்தாலும் வாங்காதீர்கள், அதில் மணம் இல்லை, பல்லில் மணல் போல நெறுநெறுக்கும்.

தாமரைத்தண்டு:
கடித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை! கண்ணாடிப் புட்டியில் அடுப்பு பக்கத்திலேயே ஒன்றரை வருடமாக வைத்திருந்தேன். புதிதாகப் பச்சை வகையா சிவப்பு வகையா எது வாங்கட்டும்?

செங்டூவாசி:
இந்த உணவுக்குச் சிவப்பு. பச்சை மீனுக்குப் பிரமாதம், நாரத்தை மணம் தூக்கும். 50 கிராம் மட்டும் வாங்கி, காற்றுப் புகாமல் உறைபெட்டியில் வையுங்கள். அன்றன்றைக்கு ஒரு தேக்கரண்டி வெறும் சட்டியில் லேசாகச் சூடாக்கிப் பொடித்துச் சலித்து, அடுப்பை அணைத்தபின் தூவிக் கிளறுங்கள்.

தாமரைத்தண்டு:
இன்று அப்படியே செய்தேன். கடைசியில் பொடியைத் தூவி, வறுத்த வேர்க்கடலை, கொத்தமல்லி போட்டு இறக்கினேன். இரண்டாவது வாயிலேயே உதடு சுரசுரத்தது. மகன் தண்ணீர் குடித்துவிட்டு, தண்ணீரே புளிக்கிறது என்கிறான். கடையில் சாப்பிடும்போதும் அதைத்தான் சொல்வான்.