பாலத்தின் அடியில் கம்பி தெரிகிறது, பள்ளி வேன் ஓட்டலாமா?

கேள்வி:
தினமும் ஒரு பழைய ஆற்றுப்பாலம் வழியாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். பாலத்தின் இரண்டு தளங்கள் சேரும் இணைப்பைத் தாண்டும்போது முன்பு 'டக்' என்று மட்டும் கேட்கும், இப்போது வண்டியையே தூக்கிப் போடுகிறது. இறங்கிப் பார்த்தால் அடியில் சிமென்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. சுற்றுவழியில் போனால் 25 நிமிடம் கூடுதல். பெற்றோர் பழைய வழியே போதும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில் 1:
தம்பி, 19 வருடம் பால ஆய்வு வேலை பார்த்தவன் நான். நீங்கள் கீழே இறங்கிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். மேலே புதுத் தார் போட்டிருந்தால் யாரும் அடியில் குனிந்து பார்ப்பதில்லை.

இணைப்பில் உள்ள ரப்பர் போய்விட்டால் மழைத்தண்ணீர் நேராக உத்தரத்தின் முனைக்கும், அதைத் தூணின் மேல் தாங்கும் பேரிங்குக்கும் இறங்கும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். அதுதான் சிமென்டை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. கம்பி தெரிந்தவுடனே பாலம் விழுந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாத கம்பி எப்படி இருக்கிறது என்பதுதான் கவலை. 2018இல் இத்தாலியின் ஜெனோவாவில் மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அங்கே பாலத்தைத் தாங்கிய கம்பிகள் கான்கிரீட்டுக்குள் மூடிக் கிடந்தன.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 2022 ஜனவரியில் ஃபெர்ன் ஹாலோ பாலம் விழுந்தபோது அதன் மேல் ஒரு பேருந்து இருந்தது. யாரும் சாகவில்லை. வடிகால் அடைத்து, தண்ணீர் தேங்கி, எஃகுக் கால்கள் அரித்துப்போயிருந்தன. ஆய்வறிக்கைகளில் திரும்பத் திரும்ப எழுதியும் பழுது பார்க்கவில்லை. எழுதுகிற வேலையில் இருந்தவன் என்பதால் இதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது.

நாளை ஒன்று செய்யுங்கள். பாலத்தின் ஒரு முனையில் நின்று, கைப்பிடிச் சுவரின் மேல்விளிம்பை நேர்கோடாகப் பாருங்கள். எங்காவது தொய்ந்திருந்தால் வண்டியை அதில் ஏற்றாதீர்கள். வெள்ளம் வடிந்த பிறகு தூணடியில் மண் அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள். படம் எடுத்து, பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பதில் 2:
நான் லாரி ஓட்டுகிறேன். எடை வரம்புப் பலகை வைத்த பாலத்தில் 'ஒருமுறைதானே' என்று எத்தனையோ வண்டி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிப் போனால் டீசலும் தூக்கமும் போகும், உண்மைதான். ஆனால் நம் பின்னாலேயே உங்களைப் போல ஒரு பள்ளி வேன் வரும், அண்ணா.

கேட்டவர்:
பதில் சொன்ன இருவருக்கும் நன்றி. சார், இன்று காலை நீங்கள் சொன்னபடியே நின்று பார்த்தேன். இடப்பக்கச் சுவர் இரண்டாவது தூணுக்கு அப்பால் லேசாக இறங்கியிருக்கிறது. படத்தைப் பெற்றோருக்கு அனுப்பிவிட்டேன். மனுவும் கொடுத்தாயிற்று. நாளை முதல் 25 நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம்.