டிரையர் ஃபேன் ஷாஃப்ட் ஏன் ஒரே இடத்தில் உடைந்தது?

ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் பிக்கப் வண்டியின் மெயின் லீஃப் (ஸ்பிரிங் பட்டைகளில் முதன்மையானது) உடைந்ததை இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். "லோடே அதிகமில்லை, எப்படி உடையும்?" என்று கேட்டிருந்தார். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்களுக்கும் இதே கேள்வி வந்தது.

டிரையரின் ஃபேன் ஷாஃப்ட் உடைந்தது. புதிது போட்டோம். அதுவும் அதே இடத்தில், பெல்ட் ஓடும் புல்லி உட்காருவதற்காக ஷாஃப்டின் தடிமனைக் குறைத்து வெட்டிய படியின் ஓரத்தில், உடைந்தது. இரும்பு மட்டம், நல்ல கிரேடு வாங்கலாம் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். எங்கள் மூத்த ஃபிட்டர் மட்டும் உடைந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "தம்பி, இது இன்னிக்கு உடைஞ்சதில்ல, ரொம்ப நாளா உடைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு."

ஓரத்தில் ஒரு புள்ளியில் தொடங்கி முக்கால் பங்கு வழவழப்பு. அதில் அலை வடிந்த மணல் மாதிரி வளைந்த கோடுகள். மீதிக் கால் பங்கு மட்டும் சொரசொரப்பு. வழவழப்பு, விரிசல் மெல்ல நகர்ந்து வந்த பாதை. சொரசொரப்பு, கடைசி நொடியில் பிய்ந்த இடம். அந்தக் கடைசிப் பகுதி சிறியதாக இருந்தால் லோடு பெரிதில்லை என்று அர்த்தம்.

பெல்ட் எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது, ஷாஃப்ட் சுற்றுகிறது. அதனால் மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சுற்றுக்கு ஒருமுறை இழுபட்டு, ஒருமுறை அமுங்குகிறது. நிமிடத்துக்கு 960 சுற்று, நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 9 லட்சத்துக்கு மேல். பதினோரு நாளில் ஒரு கோடி! இப்படித் திரும்பத் திரும்ப விசை மாறி உலோகம் மெல்ல விரிசல் விடுவதைத்தான் ஃபெடீக் (உலோகச் சோர்வு) என்கிறார்கள்.

அப்புறம் கோவையில் ஒரு லேபில் இதற்கான டெஸ்டையே நேரில் பார்த்தேன். இடுப்பு சிறுத்த சின்னக் கம்பி, கண்ணாடி போல பாலிஷ். எடையைத் தொங்கவிட்டுச் சுற்ற விடுகிறார்கள், கவுன்டர் எண்ணுகிறது. எடை அதிகமானால் சில ஆயிரம் சுற்றில் உடையும், குறைத்தால் லட்சங்கள் தாண்டும். சாதாரண ஸ்டீலில் ஓர் அளவுக்குக் கீழே போனால் ஒரு கோடி சுற்றிலும் உடைவதில்லை. அந்த எடையில் கம்பி தாங்கும் தகைவு (பரப்புக்கு இவ்வளவு விசை என்ற கணக்கு), பல ஸ்டீல்களுக்கு இழுவிசை வலிமையில், அதாவது ஒரே இழுப்பில் அறுக்கத் தேவையான தகைவில், ஏறக்குறைய பாதி. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. 3000 ஆர்பிஎம்மில் ஒரு கோடி எட்டவே 55 மணி நேரம் ஆகிறது. ஒரே கம்பி, ஒரே எடை என்றாலும் இரண்டு சாம்பிளின் எண்ணிக்கை மடங்குக் கணக்கில் மாறலாம். அதனால் ஒரு டெஸ்டை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே இன்ஜினியர், ரயில் ஆக்சில்கள் உடைவதைப் பார்த்துத்தான் இந்தச் சோதனைகளைத் தொடங்கினார்.

என்னை உலுக்கியது அந்தப் பாலிஷ்தான். குறுக்காக ஒரு கீறல் இருந்தாலே ஆயுள் குறையும் என்றார் லேப்காரர். எங்கள் ஷாஃப்டின் படியோ லேத்தில் கூராக வெட்டிய மூலை! கிரேடை உயர்த்தியிருந்தாலும் பெரிதாகப் பலன் இருந்திருக்காது, வலிமை கூடிய ஸ்டீல் கூர் மூலைக்கு இன்னும் கூடுதலாகப் பயப்படும்.

பழைய கிரேடிலேயே செய்யச் சொன்னோம். மூலையில் நல்ல ரேடியஸ் (கூர் இல்லாத வளைவு), எமரித் தாளில் தேய்த்து வழவழப்பு, அந்த வளைவில் இடிக்காமல் இருக்க புல்லி துளையின் வாயில் சாம்ஃபர் (சாய்வாக வெட்டிய விளிம்பு). பிறகு அந்த இடத்தில் உடையவில்லை.

லீஃப் உடைந்த நண்பரே, துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்துப் பார்க்கவும் வேண்டாம், கோடுகள் நசுங்கிவிடும். நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே துருவேறும், லேசாக எண்ணெய் தடவி வையுங்கள். நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்ப்போம்.