தகரக் கூரை வீட்டில் 4ஜி ரூட்டர்: நாலு பார் காட்டியும் வீடியோ ஓடவில்லை

செம்பனைஓரம்:
வணக்கம். சுங்கை சிப்புட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. ஃபைபர் இன்னும் வரவில்லை, சிம் போடும் 4ஜி ரூட்டர்தான். ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை, செங்கல் சுவர். நாலு பார் காட்டுகிறது, ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது. மழை பெய்தால் இன்னும் மோசம். கடையில் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, இல்லை கூரையில் ஏரியல் போட்டால் போதுமா?

அலைவரிசை:
பூஸ்டர் வேண்டாம் அண்ணே. எம்சிஎம்சி (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) அனுமதி இல்லாத பூஸ்டரை வைத்திருப்பதே குற்றம். டவருக்கு இரைச்சலை அனுப்பி அக்கம்பக்கத்து வீட்டு லைனையும் கெடுத்துவிடும்.

பாரை நம்பாதீர்கள். ரூட்டரின் அடியில் 192.168.8.1 என்றோ 192.168.1.1 என்றோ ஒரு முகவரி ஒட்டியிருக்கும். அதை பிரவுசரில் அடித்து உள்ளே போய் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் இரண்டையும் பாருங்கள். ஆர்எஸ்ஆர்பி என்பது சிக்னலின் பலம். -90 அல்லது அதற்கு மேல் நல்லது, -110 பக்கம் போனால் விட்டு விட்டு வரும். எஸ்ஐஎன்ஆர் இரைச்சலைத் தாண்டிய தெளிவு. 13க்கு மேல் இருந்தால் வீடியோ தாராளமாக ஓடும், 0க்குக் கீழே இறங்கினால் எத்தனை பார் இருந்தும் பயனில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்ணைத்தான்.

டிவி முதுகு ரூட்டருக்கு ஆகாத இடம். தகரம் அலையை உள்ளே விடாது, சிக்னல் பெரும்பாலும் சன்னல் வழியாகத்தான் நுழைகிறது. ஒவ்வொரு சன்னலிலும் ரூட்டரை வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, இரண்டு எண்களையும் எழுதுங்கள். ஓர் அடி நகர்த்தினாலே எண் மாறும்.

மழை விஷயம்: இந்த அலைவரிசைகளில் மழைத்துளி அதிகம் தடுக்காது, நனைந்த செம்பனை ஓலைதான் தடுக்கும். 2600 மெகாஹெர்ட்ஸ் அதிகம் அடிபடும், 900 குறைவு. ரூட்டரில் பேண்டை, அதாவது எந்த அலைவரிசை என்பதை, தேர்ந்தெடுக்க முடிந்தால் பேண்ட் 3 (1800), பேண்ட் 8 (900) இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். 900 தூரம் போகும், ஆனால் வேகம் குறைவாக இருக்கும்.

வயர்பெட்டி:
ஏரியல் பற்றி. டிவி ஏரியலை மாட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அதன் வயர் 75 ஓம், 4ஜிக்கு வேண்டியது 50 ஓம். அதோடு 4ஜிக்கு இரண்டு வயர் வேண்டும், ஒன்று மட்டும் போட்டால் வேகம் பாதி வரை குறையலாம். ரூட்டரின் பின்னால் எஸ்எம்ஏ சாக்கெட் (வெளி ஏரியலைத் திருகி மாட்டும் இடம்) இருக்கிறதா என்று பாருங்கள். வைஃபைக்கான ஆர்பி-எஸ்எம்ஏவும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், ஆனால் நடு ஊசி மாறியிருக்கும். அங்கேதான் பலர் தவறான வயரை வாங்குகிறார்கள்.

நீள வயர் வேறு எதிரி. மெல்லிய ஏரியல் வயரை (எல்எம்ஆர்-200 ரகம்) 10 மீட்டர் இழுத்தால், 1800 மெகாஹெர்ட்ஸில் ஏரியல் பிடித்த சிக்னலில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். அதனால் ஏரியலை மேலே ஏற்றுவதைவிட ரூட்டரையே மேலே ஏற்றுவது மேல். வெளியில் கம்பத்தில் மாட்டும் 4ஜி ரூட்டர்கள் உண்டு. ஒரே லேன் வயரில் கரண்டும் டேட்டாவும் போகும், 100 மீட்டர் வரை பிரச்சினை இல்லை. கம்பத்துக்குக் கட்டாயம் எர்த் போடுங்கள். இடி தொடங்கும் முன்பே பிளக்கோடு லேன் வயரையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

செம்பனைஓரம்:
பார்த்தேன். டிவிக்குப் பின்னால் -104, எஸ்ஐஎன்ஆர் 2. அடுப்படி சன்னலில் -93, 14! பகலில் வீடியோ நன்றாக ஓடுகிறது. இரவு 8 மணிக்கு மேல் மறுபடியும் இழுக்கிறது, ஆனால் ஆர்எஸ்ஆர்பி அதேதான்.

அலைவரிசை:
அப்படியென்றால் பெரும்பாலும் டவரில் கூட்டம், ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துகிறார்கள். பலம் குறையாமல் வேகம் மட்டும் விழுந்தால் ஏரியல் பெரும்பாலும் உதவாது. கம்பத்துக்குக் காசு போடும் முன் வேறு கம்பெனியின் பிரிபெய்ட் சிம் ஒன்றை வாங்கி, அதே சன்னலில், அதே இரவு 9 மணிக்குப் போட்டுப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் \*#\*#4636#\*#\* அடித்தால் இந்த எண்கள் தெரியும், ஐபோனில் \*3001#12345#\*. புகார் செய்வதாக இருந்தால் தேதி, மணி, இரண்டு எண்கள், வேகம் நான்கையும் மூன்று நாளைக்கு எழுதி அனுப்புங்கள்.

வயர்பெட்டி:
அடுப்படி சன்னல் என்றால் ஒரு விஷயம்: கேஸ் அடுப்புக்கு நேர்மேலே வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு காற்றுத் துளைகளை அடைத்து ரூட்டர் சூடாகும், சூடானால் தானாக அணைந்து அணைந்து ஆன் ஆகும்.