முந்திரிப் பொட்டலம் முன்னாலா, பின்னாலா?

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஒரு முந்திரிக்கடையைப் பற்றி சில்வர்பீச் நேற்று இந்தக் குழுவில் "கடலூர் மாவட்டத்திலேயே இதைவிடத் தரமான பருப்பு கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நானும் அதே கடைக்குப் போயிருக்கிறேன். கல்லாப் பக்கத்தில் கியூஆர் அட்டை நிற்கிறது, ஸ்கேன் செய்து கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டுக் காட்டினால் நூறு கிராம் பொட்டலம் இலவசம். கடைப் பையன் நம் போனை எட்டிப் பார்க்கிறான், ஐந்தும் மஞ்சளாக இருந்தால்தான் பொட்டலம் கைக்கு வருகிறது. நான்கு போட்ட ஒரு அம்மாவிடம் "இன்னொண்ணு அழுத்துங்கம்மா" என்றான். இப்படி வாங்கிய நட்சத்திரத்துக்குப் பெயர் விமர்சனமா?

சில்வர்பீச்:
சார், பொட்டலம் வாங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் எனக்கு பில் போடும்போதே கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தின்று பார்த்து, பிடித்திருந்ததால் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் கொடுத்தால் அது சாம்பிள். பின்னால் கொடுத்தால்தான் நீங்கள் சொல்கிற லஞ்சம்.

கெடிலக்கரை:
மறைக்கவில்லையா? நேற்றைய பதிவில் பொட்டலம் என்ற சொல்லே இல்லையே! 2022 ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளைப் படியுங்கள். ஒரு பொருளைப் புகழ்கிறவருக்கும் விற்கிறவருக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் புகழ வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. முன்னால் பின்னால் என்ற பேச்சே அங்கு கிடையாது.

வண்டிப்பாளையம்:
நூறு கிராம் முந்திரிக்கு 50 லட்சமா? அண்ணே, அதெல்லாம் விளம்பரத்தில் நடிக்கிறவர்களுக்கும் லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருக்கிற யூடியூப்காரர்களுக்கும். விமர்சனத்துக்கென்று தனியாக ஐஎஸ் 19000 என்று ஒரு தரநிலை 2022 நவம்பரில் வந்தது, அதுவும் விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற வகைதான். பாவம் சில்வர்பீச், வாங்கிய பருப்பைப் பற்றி எழுதியது குற்றமா? அவர்தான் முன்னாலேயே கொடுத்தார்கள் என்கிறாரே.

கெடிலக்கரை:
சட்டத்தை விடுங்கள். நட்சத்திரம் போடுகிற இடம் கூகுளுடையது. அவர்கள் விதியிலேயே இருக்கிறது, தள்ளுபடியோ இலவசப் பொருளோ கொடுத்து விமர்சனம் வாங்கக் கூடாது என்று. அமேசான் 2016 அக்டோபரிலேயே தானே ஆள் தேர்ந்தெடுத்துப் பொருள் கொடுக்கிற வைன் திட்டமும் புத்தகங்களும் தவிர மற்ற இலவசப் பொருள் விமர்சனங்களை நிறுத்தியது. அவ்வளவு பெரிய கடைக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை. பையன் போனைப் பார்த்துத்தான் கொடுக்கிறான், நான் கண்ணால் பார்த்தேன்.

முத்தியால்பேட்டை:
புதுச்சேரியில் நானும் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன், அதனால் கேட்கிறேன். பெரிய கம்பெனிக்காரன் நடிகரை வைத்துக் கோடிக்கணக்கில் செலவழித்தால் அது வியாபாரம், சின்னக் கடைக்காரன் ஒரு கைப்பிடி பருப்பு கொடுத்தால் மோசடியா? கெடிலக்கரைக்கு எப்போதும் சின்ன வியாபாரி மேலேதான் கோபம். போன தடவை மீன் விலை பேச்சிலும் இப்படித்தான் எல்லார் மேலும் பாய்ந்தார்.

கெடிலக்கரை:
மீன் விலையில் நான் சொன்னதுதான் சரியாக இருந்தது, அந்தப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். எனக்குக் கோபம் யாருக்காகத் தெரியுமா? அதே தெருவில் பொட்டலம் எதுவும் கொடுக்காமல் நல்ல பருப்பு விற்கிற இன்னொருவர் இருக்கிறார். வெளியூர்க்காரன் மேப்பில் தேடினால் அவர் கடை அடியில் கிடக்கிறது. அவரும் சின்ன வியாபாரிதான், அவருக்காக உங்களில் ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

பருப்புப்பிரியன்:
இன்றுதான் சேர்ந்தேன். அந்தக் கடையின் 240 பருப்பு மாதிரி வேறெங்கும் கிடைக்காது. பண்ருட்டி முந்திரியின் அசல் ருசி. வீட்டு விசேஷங்களுக்கு மொத்த விலையிலும் தருகிறார்கள்.

கெடிலக்கரை:
இன்றுதான் சேர்ந்தீர்கள், வந்ததும் மொத்த விலை வரை தெரிகிறது. கடைக்காரர்தானே? 2020 மின்வணிக விதிகளில் விற்பவரே வாடிக்கையாளர் மாதிரி விமர்சனம் எழுதக் கூடாது என்று இருக்கிறது.

வண்டிப்பாளையம்:
அது ஆன்லைன் தளங்களில் விற்பவர்களுக்கு. மஞ்சக்குப்பம் கடைக்கு அதைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

கெடிலக்கரை:
சரி, 240 என்றீர்களே, அதைப் பேசுவோம். 240 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 220 முதல் 240 பருப்பு. நூறு கிராமுக்கு ஏறக்குறைய ஐம்பது. 240 என்று சொல்லிக் கொடுத்த அந்த இலவசப் பொட்டலத்தைப் பிரித்து எண்ணினேன், அறுபத்தெட்டு இருந்தது. அது 320 ரகம், இன்னும் சின்னப் பருப்பு. இலவசத்திலேயே ரகத்தை மாற்றிச் சொல்கிறவர் காசுக்கு விற்கும்போது என்ன செய்வார்?

முத்தியால்பேட்டை:
ஆக நீங்களும் பொட்டலம் வாங்கியிருக்கிறீர்கள்! எத்தனை நட்சத்திரம் போட்டீர்கள்?

கெடிலக்கரை:
ஒன்றும் போடவில்லை. என் மைத்துனர் வாங்கி வந்த பொட்டலம் அது. அவர் போட்டதையும் அன்றே அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டார்.

சில்வர்பீச்:
பேச்சு எங்கெங்கோ போகிறது. 240, 320 எல்லாம் எனக்குத் தெரியாது, பண்ருட்டிப் பருப்பு என்றார்கள், ருசியாக இருந்தது. எனக்கு முன்னாலேயே கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கெடிலக்கரை:
பண்ருட்டியில் உடைக்கிற கொட்டையில் பெரும் பங்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது என்பதாவது தெரியுமா?

நெல்லிக்குப்பம் ரோடு:
எங்கள் ஊர்க் கொல்லையில் விளைவதைக் குறை சொல்ல வேண்டாம். பண்ருட்டிக்காரன் உழைப்பு உங்களுக்கு என்ன தெரியும்? இரண்டு கொட்டையையும் வறுத்து ஒன்றாக வைத்துத் தின்றிருக்கிறீர்களா?

கெடிலக்கரை:
ஐயா, நான் விவசாயியைக் குறை சொல்லவே இல்லை, இறக்குமதிக் கொட்டை வந்து விலை அடிபடுவதே அவருக்குத்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. சில்வர்பீச் தன் பதிவின் தலைப்பிலேயே "இலவசப் பொட்டலம் வாங்கினேன்" என்று ஒரு வரி சேர்க்கட்டும்.

சில்வர்பீச்:
சேர்க்க மாட்டேன். முன்னால் கொடுத்ததற்கு நான் ஏன் கணக்குக் காட்ட வேண்டும்?

கெடிலக்கரை:
அப்போ அந்தக் கடையைப் பற்றிய பேச்சு இங்கே எப்போது வந்தாலும் பையன் போனை எட்டிப் பார்த்ததை நான் எழுதிக்கொண்டேதான் இருப்பேன்.

நெல்லிக்குப்பம் ரோடு:
முதலில் ஆப்பிரிக்காக் கொட்டை என்றதற்குப் பதில் சொல்லுங்கள்.